புரோகிதரில்லாத விவாகம் செல்லுமா?

சென்ற தை மாதத்தில் நமது சிலமலையில் ஒரு விவாகம் நடைபெற்றது. மணமக்கள் இருவரும் நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. பந்தலில் ஹோமகுண்டம் இல்லை. புரோகிதர் ஒருவரும் வரவழைக்கப்படவில்லை. பெரியவர் ஒருவர் தலைமை வகிக்க, மணமக்கள் எழுந்து நின்று, ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்றுக்கொள்வதாகத் தம் வாயாலேயே தமிழில் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து இலையும் போட்டாகிவிட்டது. அப்போது நம் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டியார் ஒருவர், வயது எண்பதுக்கு மேலிருக்கும், நம் காதருகே குனிந்து, "ஏப்பா, அக்கினி சாட்சி இல்லை, அம்மி மிதிக்கலை, அருந்ததி பாக்கலை. இந்தக் கலியாணம் செல்லுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதை நகைத்துத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. போடி கடைவீதியில் கிழிந்த நோட்டொன்றை நீட்டினால் எப்படிக் கேட்பார்களோ அப்படியே அவர் கேட்டார். ஆனால் கேட்டது ஒரு பெண்ணின் வாழ்வைக் குறித்து. படிப்பறியாத மூதாட்டியின் வீண் ஐயம் இதுவென்று எண்ணுவோர், இதே வினா இந்நாட்டு ஹைக்கோர்ட்டில் ஒருமுறை எழுந்து "செல்லாது" என்றே விடை பெற்றதென்பதை அறிதல் வேண்டும். அத்தீர்ப்புக்கும் சென்ற தை மாதத்து விவாகத்துக்கும் இடையே எழுபது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் கிடக்கின்றது. அத்தீர்ப்புக்கு முன்னும் ஒரு நீண்ட கதை உண்டு. அவற்றை நமது சங்கத்து அன்பர்கள், விசேஷமாக நம் பெண்மக்கள், தெரிந்துகொள்வது நலமெனக் கருதி இவ்வியாசத்தை எழுதப் புகுந்தோம்.

விவாகமென்பது தெய்வம் வகுத்த சடங்கு, மந்திரமும் அக்கினியுமே அதற்கு உயிர், அவற்றை நீக்க மனிதருக்கு அதிகாரமில்லை என்பது வைதிகர் கூற்று. நம்மவர் பலரும் இதனையே சனாதனமான வழக்கமென்று நம்பியிருக்கின்றனர். ஆனால் நம் பழந்தமிழ் நூல்களை எடுத்துப் பார்த்தால் செய்தி வேறாக இருக்கின்றது. ஒருத்தியோடு கூடி வாழ்ந்த பின் அவளை அறியேன் என்று சாதிக்கும் பொய்யரும், ஏற்றுக்கொண்டவளைக் கைவிடும் தவறுடையோரும் உண்டான பிறகே பெரியோர் மணச்சடங்கை ஏற்படுத்தினர் என்பது தொல்காப்பியர் கற்பியலில் கூறும் கருத்து. இதனை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சடங்கு வானத்திலிருந்து இறங்கியதன்று. ஒரு பெண் ஏமாற்றப்படாதிருக்க, ஊரறிய ஒரு கட்டுப்பாடு வேண்டுமென்று மனிதரே ஆலோசித்துச் செய்த ஏற்பாடு அது. மேல்வகுப்பார்க்கு அமைந்த சடங்குகள் பிறர்க்கும் ஆன காலமுண்டு என்றும் அவரே குறித்திருக்கின்றார். ஆகவே ஒரு காலத்தில் அவை நமக்கு உரியனவாக இருக்கவில்லை என்பதும் விளங்குகின்றது.

அகநானூற்றில் 86-ஆம் பாட்டும் 136-ஆம் பாட்டும் பண்டைக்காலத்து விவாகத்தை வருணிக்கின்றன. பந்தலிட்டு, புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர், சுற்றத்தார் விருந்துண்கின்றனர், பெண் கணவன் வீடு புகுகின்றாள். அங்கே அக்கினியும் இல்லை, மந்திரமும் இல்லை, புரோகிதரும் இல்லை. விவாகத்தை நடத்தி வைத்தவர்கள் பெண்களே! ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். அம்முன்னோர் நல்ல நாள் பார்த்தார்கள். திங்கள் உரோகிணியைச் சேரும் நாளைத் தெரிந்தெடுத்தார்கள். நம் கட்சிக்கு ஒத்துவராதென்று இதனை மறைப்பது நேர்மையாகாது. பண்டையோர் செய்தனர் என்பதாலேயே ஒன்றை நாமும் செய்யவேண்டுமென்பதில்லை. பின்னர் வந்த சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் முதிய அந்தணர் வழிகாட்டத் தீவலம் வருகின்றனர். வழக்கம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றது என்பதே இவற்றால் நாம் கொள்ளத்தக்கது.

நிற்க. வழக்கத்தை ஆராய்ந்து பார்க்கும் துணிவு நம் தென்பாண்டி நாட்டார்க்கு எங்ஙனம் உண்டாயிற்று? புத்தகத்திலிருந்து உண்டாகவில்லை, கோயில் வாசலில் பட்ட அவமானத்திலிருந்து உண்டாயிற்று. 1897-ஆம் வருஷத்தில் கமுதியிலுள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோயிலுக்குத் தர்மகர்த்தாவான இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி, அவர்களால் கோயில் தீட்டுப்பட்டதென்றும் அதைச் சுத்தி செய்யும் செலவை அவர்களே கொடுக்கவேண்டுமென்றும் வழக்குத் தொடர்ந்தார். 1899-ல் மதுரைச் சப்-கோர்ட்டில் நாடார்கள் தோற்றனர். பிறகு சென்னை ஹைக்கோர்ட்டிலும் தோற்றனர். கடல் கடந்து இலண்டன் பிரிவி கௌன்ஸில் வரை சென்று 1908-ல் அங்கும் தோற்றனர். தெய்வத்தைக் கும்பிடச் சென்றவன் தெய்வத்தைத் தீட்டாக்கிவிட்டான் என்பதை மூன்று நியாயஸ்தலங்கள் பதினொரு வருஷ காலத்தில் உறுதி செய்தன! உள்ளே விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்த ஒரு சமூகத்தில், உள்ளே என்னதான் இருக்கின்றது என்று கேட்பவர்களும் தோன்றியது வியப்பன்று.

அங்ஙனம் கேட்டவர்களுள் நமக்கு மிக அண்டையிலிருந்தவர் பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். நம்மைப் போன்றே மலைச்சரக்கை நம்பி வாழும் ஊர் பட்டிவீரன்பட்டி. நமக்கு ஏலமலை போல அவர்களுக்குக் கீழ்ப்பழனிமலை. நாடார் மகாஜன சங்கத்தின் பெருந்தலைவர்களில் ஒருவரான இவர், 1925-ல் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் 'குடி அரசு' பத்திரிகையைத் தொடங்கிப் பரப்பிய சுயமரியாதை இயக்கத்திலும் முன்னின்றார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாணச் சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இவரே. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வைத்துக்கொள்ளலாகாது, பெண்களுக்குப் பதினாறு வயதுக்கு மேலேயே விவாகம் செய்யவேண்டும், பெண்ணுக்கும் ஆணைப்போலவே சொத்துரிமை வேண்டும், பொருந்தாத விவாகத்தை ரத்து செய்யும் உரிமை வேண்டும் என்றெல்லாம் அம்மகாநாடு தீர்மானித்தது. அன்று இவற்றைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தவர் பலர். அதே வருஷத்தில் சாரதா சட்டம் நிறைவேறியபொழுது, பெண்ணுக்குப் பதினான்கு வயது ஆகட்டும் என்பதற்கே சாஸ்திரத்துக்கு ஆபத்து வந்ததென்று கூக்குரலிட்டார்கள் என்றால், பதினாறைக் கேட்டவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! பூர்விகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. செங்கற்பட்டுத் தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே சரியாக அறுபது வருஷம்.

மலைக்கு அப்பாலும் இதே காலத்தில் இதே விதமான கிளர்ச்சி நடந்ததை நம் மலைத்தோட்டத்து அன்பர்கள் அறிவார்கள். ஈழவ சமூகத்தாருக்காக 1903-ல் ஏற்பட்ட ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகமும் நம்முடையதைப் போன்ற ஒரு சாதிச் சங்கமே. நாராயண குரு அச்சமூகத்தாரிடையே வழங்கிவந்த தாலிகெட்டுக் கலியாணம் முதலிய வீண்செலவுச் சடங்குகளை ஒழிக்கச் செய்தார். அவருடைய சீடரான சகோதரன் ஐயப்பன் 1917-ல் செறாயி என்னும் ஊரில் தாழ்த்தப்பட்டோருடன் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டதற்காகத் தம் சமூகத்தாராலேயே ஒதுக்கி வைக்கப்பட்டார். குரு தெய்வத்தை விட்டவரல்லர். சீடரோ மனிதனுக்குச் சாதியும் மதமும் தெய்வமும் வேண்டியதில்லை என்றே சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் குரு சீடரைத் தள்ளிவிடவில்லை. இவ்வொரு விஷயத்தை நம் சங்கத்து முதியோர் கவனிப்பார்களாக.

இனி விவாகத்துக்கு வருவோம். அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் 1928 மே மாதம் 28-ஆம் தேதி பெரியார் தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதை விவாகமென்று எண்ணப்படுகின்றது. அடுத்த வருஷத்தில் குத்தூசி குருசாமியும் குஞ்சிதமும் சாதி கடந்து மணந்துகொண்டனர். 1930-ல் சாமி சிதம்பரனார், இளவயதிலேயே கணவனை இழந்த சிவகாமியாரை மணந்தார். புரோகிதரை விலக்குவது பார்ப்பனர் மேலுள்ள கோபத்தால் மட்டும் என்று எண்ணுவோர் இவ்விரண்டு விவாகங்களையும் நினைக்கவேண்டும். அறுத்துக்கட்டும் வழக்கமுள்ள சமூகங்களைத் தவிர மற்றவற்றில் விதவைக்கு மறுமணம் செய்விக்க எந்தப் புரோகிதர் வருவார்? வேறு சாதிப் பெண்ணை மணக்க எந்த மந்திரத்தை ஓதுவார்? சாஸ்திரம் வாயிலை அடைத்து வைத்திருந்த இடங்களில்தான் இப்புதிய விவாகம் முதன்முதல் தேவைப்பட்டது. அன்றியும், வைதிக விவாகத்தில் மணமக்கள் பொருளறியாத பாஷையில் வாக்குறுதி சொல்லப்படுகின்றது. பெண்ணோ ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குத் தானமாகத் தத்தம் செய்யப்படுகின்றாள். சுயமரியாதை விவாகத்தில் பெண்ணும் எழுந்து நின்று வாய் திறந்து பேசினாள். இதனினும் பெரிய மாறுதல் நம் வீடுகளில் நடந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

ராகுகாலத்திலேயே வேண்டுமென்று சில விவாகங்களை வைத்தார்கள். நாலைந்து நாள் நடந்த கலியாணத்தை ஒரு பொழுதில் முடித்தார்கள். ஆனால் அரை மணி விவாகத்துக்கு மூன்று மணிப் பிரசங்கம் என்னும் வழக்கமும் உடன் வந்துவிட்டது. புரோகிதரின் மந்திரத்தைப் போலவே பிரசங்கியாரின் சொற்பொழிவும் பசித்தவன் காதில் ஏறாது என்பதை நாம் அநுபவத்தில் கண்டிருக்கின்றோம்.

இத்தனையும் நடந்தும் சட்டம் இவ்விவாகங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. மதச்சடங்கின்றி மணக்க விரும்பினால் 1872-ஆம் வருஷத்து விவாகச் சட்டம் ஒன்று இருந்தது. பிரம்ம சமாஜத்துக் கேசவ சந்திர சேனரின் முயற்சியால் வந்தது அது. ஆனால் அதன்படி மணப்பவர்கள், தாம் இந்துவுமல்ல, கிறிஸ்தவருமல்ல, முகம்மதியருமல்ல என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1923-ல் அதைத் திருத்தி, இந்துக்கள் இந்துக்களாகவே மணக்கலாமென்றனர். ஆயினும் அவ்வாறு மணந்தவன் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்தவனாக எண்ணப்பட்டான். எந்தக் குடியானவன் இதற்கு உடன்படுவான்? இங்கிலாந்திலும் 1753-ஆம் வருஷத்துச் சட்டத்தால் யூதரும் குவேக்கரும் நீங்கலாக யாவரும் அரசாங்கத் திருச்சபையின் கோயிலிலேயே மணக்கவேண்டியிருந்தது; அச்சபையை ஏற்காத பிற கிறிஸ்தவருங்கூட அதன் பாதிரியார் முன் மண்டியிட்டனர். 1836-ல்தான் அங்கே பதிவு விவாகம் வந்தது. பிரெஞ்சுக்காரர் புரட்சியின்போது 1792-லேயே விவாகத்தைக் கோயிலிலிருந்து பிரித்து ஊர்ச்சாவடிக்குக் கொண்டுவந்துவிட்டனர். ஆகவே இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கன்று.

1953-ல் சௌந்தரபாண்டியனார் காலமானார். அதே வருஷத்தில் தெய்வானை ஆச்சி என்பவர் சம்பந்தப்பட்ட வழக்கில் சென்னை ஹைக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. சுயமரியாதை முறையில் நடந்த விவாகம் இந்துச் சட்டப்படி விவாகமாகாது. அதற்கு இன்றியமையாத சடங்குகள் அதில் இல்லை. வழக்கம் என்றால் அது தொன்றுதொட்டு வந்ததாக இருக்கவேண்டும். சிலர் கூடித் தமக்கென்று ஒரு புதுவழக்கத்தைச் சட்டமாக்கிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். இருபத்தைந்து வருஷமாக ஊரறியக் குடும்பம் நடத்திவந்த பெண்கள் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கையில் மனைவிமாரல்லர் என்று ஆகிவிட்டனர். கணவன் இறந்தால் விதவைக்குரிய பங்கைக் கேட்கத் தடை. கணவன் தள்ளினால் மனைவியென்று சொல்லி ஜீவனாம்சம் கேட்கத் தடை. பிள்ளைகளைப் பங்காளிகள் எப்பெயரால் அழைத்திருப்பார்கள் என்பதை எழுத நம் பேனா கூசுகின்றது. தீர்ப்புக்கூறிய நீதிபதிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் முன்னிருந்த சட்டம் மதத்திலிருந்து பிறந்த சட்டம். மதம் ஏற்காத விவாகத்தை அது எங்ஙனம் ஏற்கும்? 1955-ல் வந்த இந்து விவாகச் சட்டமும் இரு தரப்பில் ஒரு தரப்பாரது வழக்கமான சடங்குகளின்படி விவாகம் நடக்கவேண்டும் என்றது. சப்தபதி உள்ள இடத்தில் ஏழாவது அடி வைத்தபின்பே விவாகம் பூர்த்தியாகும் என்றும் விதித்தது. புதுவழக்கத்துக்கு அதிலும் இடமில்லை.

இக்காலத்தில் நடந்த ஒரு விஷயம் நம் உள்ளத்தைத் தொட்டது. செல்லாதென்று ஹைக்கோர்ட்டு சொன்ன பிறகும் இவ்விவாகங்கள் நின்றுவிடவில்லை. ஊருக்கு ஊர் நடந்துகொண்டேயிருந்தன. மணமக்களும் பெற்றோரும் தாம் செய்வது சட்டத்துக்கு முன் நில்லாதென்பதைத் தெரிந்தே செய்தனர். ஒருவர் சொல்லை ஒருவர் நம்பியதையன்றி அவர்களுக்கு வேறு பாதுகாப்பு ஏது?

1967-ல் அண்ணாதுரை முதன்மந்திரியானதும், அவ்வருஷத்திலேயே இந்து விவாகச் சட்டத்துக்குச் சென்னை ராஜ்யத்துத் திருத்த மசோதா நிறைவேறிற்று. 1968 ஜனவரியில் ஜனாதிபதியின் சம்மதம் பெற்று அமுலுக்கு வந்தது. 7-அ என்னும் அப்பிரிவைப் போன்ற எளிய சட்டத்தை நாம் கண்டதில்லை. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தமக்கு விளங்கும் பாஷையில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகச் சொன்னால் போதும்; அல்லது மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் போதும்; அல்லது தாலி கட்டினாலும் போதும். புரோகிதர் வேண்டியதில்லை. "விளங்கும் பாஷையில்" என்பதையும், இடையிடையே வரும் "அல்லது" என்பதையும் நேயர்கள் நோக்கவேண்டும். தாலி வேண்டுவோர் கட்டலாம், வேண்டாதோர் விடலாம். சட்டம் வருமுன் அம்முறையில் நடந்தவையும் செல்லும் என்று அப்பிரிவு விதித்தது. 1928-லிருந்து நாற்பது வருஷம் காத்திருந்த பெண்களில் உயிரோடிருந்தவர்கள் அன்று மனைவிமார் ஆயினர்.

"அதெல்லாம் சரி, தெய்வ பயம் இல்லாவிட்டால் கணவன் மனைவியைக் கைவிட மாட்டானா? அக்கினி சாட்சி என்னும் அச்சமல்லவா குடும்பத்தைக் காக்கின்றது?" என்று கேட்போருண்டு. மத நம்பிக்கைக்குச் சாதகமாகச் சொல்லப்படும் நியாயங்களில் இதுவே வலிமையுள்ளதென்று நாம் கருதுகின்றோம். ஆகையால் இதற்கு ஒரு வழக்கைக் கொண்டே விடை கூறுவோம். 2001-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்த வழக்கு அது. தமிழ்நாட்டுக் கனவான் ஒருவர் 1970-ல் ஒரு பெண்ணை மணந்து மூன்று மக்களையும் பெற்றார். 1984-ல் அப்பெண் கொடுமை தாளாமல் பிரிந்திருக்கையில், திருத்தணியில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். முதல் மனைவி இருதார மணக் குற்றம் சாட்டினார். அந்தக் கனவான் தரப்பில் சொல்லப்பட்ட சமாதானம் யாது? இரண்டாவது விவாகத்தில் சப்தபதி நடக்கவில்லை, ஏழடி வைக்கவில்லை, ஆதலால் அது விவாகமே அல்ல, ஆதலால் குற்றமும் இல்லை என்பதே! முதல் கோர்ட்டு அதை ஏற்று அவரை விடுவித்தும்விட்டது. சுப்ரீம் கோர்ட்டோ, 7-அ பிரிவின்படி சப்தபதி இல்லாமலே விவாகம் பூர்த்தியாகுமென்றும், ஆகவே அவர் செய்தது குற்றமென்றும் தீர்த்தது. தொல்காப்பியர் சொன்ன பொய்யும் தவறும் இங்கே சடங்கின் பெயராலேயே வந்து நின்றன. ஏமாற்ற நினைத்தவனுக்கு ஏழடி ஒளிவிடமாயிற்று. ஏமாற்றப்பட்டவளுக்கு மனிதர் செய்த ஒரு சட்டம் துணை நின்றது.

நம் தொழிலிலும் இதனையே காண்கின்றோம். போடியில் ஏலக்காய் ஏலத்துக்குச் சரக்கைக் கொண்டுபோகின்றவர் சாமி கும்பிட்டுத்தான் புறப்படுகின்றார். வியாபாரியும் நெற்றி நிறைய நீறு பூசித்தான் உட்கார்ந்திருக்கின்றார். ஆனாலும் ஒருவர் பக்தியை ஒருவர் நம்பி ஒரு கிலோவாவது கைமாறுகின்றதா? சல்லடை போட்டு எட்டு மில்லிமீட்டர்க் காய் எவ்வளவு என்று பார்க்கின்றனர், லிட்டர் எடை பார்க்கின்றனர், ஈரம் பார்க்கின்றனர், பிறகே விலை. காய்க்கு இவ்வளவு ஆராய்ச்சி செய்யும் நாம், மகளுக்கு வரன் பார்க்கையில் பையனின் குணத்தையும் உடல்நலத்தையும் கடனையும் விசாரிப்பதை விட்டுக் கட்டங்களைப் பத்துப் பொருத்தம் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகின்றோம். முல்லைப் பெரியாற்று அணை 1895-ல் முடிந்து, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாறையைக் குடைந்தவர்களால் வந்த தண்ணீர் அது. இன்று அப்பள்ளத்தாக்கில் பென்னிகுவிக்குக்குப் பொங்கலிட்டு வணங்குகின்றனர். நன்றி மறவாமை நல்லதே. ஆனால் அவர் படத்துக்குச் சூடம் காட்டுவோர் அவர் கையிலிருந்த கணக்குப் புத்தகத்தையும் தம் பிள்ளைகளுக்குக் காட்டினால் இன்னும் நல்லதென்று நமக்குத் தோன்றுகின்றது.

இது நிற்க. நம்மவர்க்கு மிகவும் வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். 7-அ என்பது தமிழ்நாட்டுத் திருத்தம். போடிமெட்டைத் தாண்டினால் இடுக்கி ஜில்லா. அங்கே அது இல்லை. நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் உடும்பஞ்சோலையிலும் தோட்டங்களில் வாழ்கின்றனர். சடங்கின்றி மாலை மாற்றும் விவாகத்தைத் தோட்டத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் வழக்கு வந்தால் பெண்தான் அல்லற்படுவாள். அத்தகைய விவாகத்தை மலைக்கு இப்பால் நடத்துவதோ, அல்லது 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி பதிவாளர் முன் மணப்பதோ தக்கது. இச்சட்டத்தில் மதத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எம்முறையில் நடந்த விவாகத்தையும் பதிவு செய்தல் 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி கட்டாயம். ஊரைக் கூட்டிச் செய்யாத காரணத்தால் 7-அ விவாகம் செல்லாமற் போகாதென்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கின்றது. சாதி கடந்து மணந்து பெற்றோருக்கு அஞ்சி ஓடும் பிள்ளைகளுக்கு இத்தீர்ப்பு பெரிய ஆறுதல். தைமாதத்து விவாகத்தைப் பதிவுசெய்யச் சாட்சிகள் வேண்டியிருந்தபோது, முன்சொன்ன மூதாட்டியாரையே ஒரு சாட்சியாக அழைத்துச் சென்றார்கள். அவர் கையொப்பமிடுமுன் எழுத்தரைப் பார்த்து, "இது செல்லுமா?" என்று மறுபடியும் கேட்டாராம். "செல்லும், பாட்டி" என்றாராம் எழுத்தர்.

பெற்றோருக்கு அஞ்சி ஓடும் பிள்ளைகள் என்று எழுதினோம். அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வியாசம் பாதி வியாசமே. இன்று நம் ஊர்களில் அறிவுக்கொத்த விவாகத்துக்குத் தடையாக நிற்பவர் புரோகிதரல்லர். அவர் அழைத்தால் வருகின்றார், அழைக்காவிட்டால் வீட்டிலிருக்கின்றார். தடையாக நிற்பவர் நாமே. 2016 மார்ச்சு மாதத்தில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, தம்மினும் மேற்சாதி எனப்பட்ட பெண்ணை மணந்த இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கே புரோகிதர் எவரும் அரிவாள் எடுக்கவில்லை. செங்கற்பட்டில் சாதிப் பட்டத்தை விடவேண்டுமென்ற மகாநாட்டின் தலைவர் ஒரு சாதிச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அவர் தம் சங்கத்தை, மக்களைப் படிக்கவைக்கவும் அவமானத்திலிருந்து மீட்கவும் ஒரு கருவியாகக் கொண்டாரேயன்றி, பிள்ளைகளைக் கட்டிப்போடும் கயிறாகக் கொள்ளவில்லை. நம் சங்கம் எதுவாக இருக்கின்றது என்பதை மகாசபையில் நாம் வெளிப்படையாகப் பேசவேண்டும்.

இச்சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தில் மாதந்தோறும் "மணமக்கள் தேவை" என்னும் பகுதி வெளிவருகின்றது. அதில் உட்பிரிவு, நட்சத்திரம், ராசி, செவ்வாய் தோஷம் உண்டா இல்லையா என்பன முதலில் நிற்கின்றன. படிப்பும் தொழிலும் அவற்றின் பின் வருகின்றன. பெண்ணின் விருப்பம் என்று ஒரு வரியேனும் இல்லை. நட்சத்திரம், ராசி, தோஷம் ஆகிய மூன்றையும் நீக்கி, மணமக்களின் சம்மதக் கையொப்பம் பெற்ற விளம்பரங்களையே வெளியிடவேண்டுமென்று நிர்வாகிகளுக்கு நாம் எழுதியிருக்கின்றோம். அப்பக்கத்தாலேயே அச்சுக்கூலியில் பாதி வருகின்றது, ஆகவே யோசிக்க வேண்டியிருக்கின்றது என்று பதில் வந்தது. அது உண்மையே, ஆதலால் விளம்பரக் கட்டணத்துக்கு ஈடாகச் சந்தாவை உயர்த்தச் சம்மதிக்கும் அன்பர்கள் தம் பெயரைப் பங்குனி மாதக் கூட்டத்துக்குள் சங்கத்துக் காரியாலயத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம்.